கால்மாட்டில் இரும்புக் கூண்டு

கல்யாணமான புதிதில் என் நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதென்னடா, இவ்வளவுதான் சைஸா?" என்று தன் தம்பியிடம் கேட்டார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், "தூக்கிட்டுப் போறதுக்கு வசதி அக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். அந்தக் காலத்தில் இவர் என்னை அலேக்காகத் தூக்கி அலமாரி மேல் உட்காரவைத்துவிட்டு, இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்ச வைப்பார். இப்போது இவரைத் தரையிலிருந்து கட்டிலுக்குத் தூக்க என்னால் முடியுமா முடியாதா என்பதில் எங்கள் குடித்தனமே தொங்கிக்கொண்டிருந்தது.

இவருக்குத் தொழில் டைல்ஸ் ஒட்டுவது. நாள் முழுக்க முட்டி போட்டுக் கிடந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இரும்பு தூக்கினால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். கூட்டாளிகள் எல்லாம் 'கரடி' என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னறை பூராவும் எடை தூக்கும் ராடும் அதில் மாட்டும் தட்டும்தான். ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்திருப்பதற்கு, இவருடைய கூட்டாளி வெல்டர் இரண்டு தனித்தனிக் கால் அடித்துக் கொடுத்திருந்தார். அதிலிருந்து ராடைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னால் வர வேண்டும். உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் போனால் பிடிக்க ஒன்றும் கிடையாது. நாலு கால் நிறுத்தி, இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி போட்டு, ஆள் தவறினாலும் ராடு அந்தக் கம்பியில் போய் உட்காருகிற மாதிரி பவர் ரேக் என்று ஒன்று கடையில் விற்கிறது. இவருக்குத் தெரியாததா? "கூண்டுக்குள்ள நின்னு தூக்க நான் என்ன கிளியா?" என்பார். வெல்டரும் சேர்ந்துகொண்டு கெக்கெக்கே என்று சிரிப்பார். இப்போது நினைத்தாலும் இரண்டு பேர் மண்டையிலும் நறுக்கென்று குட்ட வேண்டும் போலிருக்கிறது.

ஒரு நாள் எழுந்திருக்க முடியாமல் போய்விட்டது. முன்பக்கமாகச் சரிந்திருக்கிறார். ராடு முதுகிலிருந்து உருண்டு கழுத்தில் ஏறி, தலையைத் தரையோடு மடக்கிவிட்டது. நான் வேலைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தபோது, தானே ஒட்டிய டைல்ஸ் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி கிடந்தார். "என் கால் எங்கடி இருக்கு?" என்று கேட்டார்.

கால் இருந்த இடத்தில்தான் இருந்தது. இவருக்குத்தான் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பலாம், தோளைக் குலுக்கலாம், வலது கையைக் கொஞ்சம் மடக்கலாம். மற்றதெல்லாம் போயிற்று. மூச்சு மேலோட்டமாகத்தான் வரும் என்பதால் குரலும் போன மாதிரிதான். பேசுவார், ஆனால் சத்தம் இருக்காது. ஃபேனை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். ஒரு காலத்தில் இவர் தும்மினால் தெருமுனையில் நாய் குரைக்கும்.

என் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்ப வேண்டும். வேலையை வீட்டுக்குக் கொண்டுவர முதலாளி ஒத்துக்கொண்டார். பின்னறையை ஒழித்து மேசையைப் போட்டேன். யார் யாருடைய பல்லோ என் மேசையில் வரிசையாக உட்கார்ந்து இளித்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு மத்தியானம் சக்கர நாற்காலியிலிருந்து இவர் வழுக்கித் தரையில் விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் திரும்ப ஏற்ற முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், இடுப்பில் துணியைக் கட்டி இழுத்தேன், கீழே புகுந்து முதுகால் நெம்பினேன். இவர் அசைந்தால்தானே? சுற்றிலும் எல்லா வீடும் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடந்தது. கடைசியில் இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் வரும் வரைக்கும் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இடையில் இவருக்குத் தெரியாமலே வேட்டி நனைந்துவிட்டது. "பாக்காதடி" என்றார். நான் சுவரைப் பார்த்தேன்.

இந்தச் செய்தி எப்படியோ பராமரிப்பு அலுவலர் அம்மாள் காதுக்குப் போய்விட்டது. மாதா மாதம் வந்து இவரைப் பார்த்துவிட்டுப் போகிறவர். கெட்டவர் இல்லை, ஆனால் சட்டம் பேசுகிறவர்.

"நீங்க ஒருத்தரா இருக்கும்போது இவர் விழுந்தா, தூக்கி மேல வைக்க உங்களால முடியணும். முடியலன்னா வீட்ல வச்சிருக்க நான் எழுதிக் கொடுக்க முடியாதும்மா. தூக்குற மெஷின் வைக்கலாமே?"

"மெஷின் இந்தக் குளியலறை வாசல்ல நுழையாது. கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல திரும்பாது. அளந்து பாத்துட்டேன்."

"அப்ப இல்லத்துல சேர்க்கறதுதான் நல்லது. ஆள் இருப்பாங்க, நல்லாப் பாத்துப்பாங்க."

கூட வந்திருந்த நாத்தனார், "அதைத்தான் நானும் சொல்றேன். இவ சுண்டைக்காய் மாதிரி இருக்கா, இவ எங்க தூக்கறது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு டைம் குடுங்க, நான் தூக்கிக் காட்டறேன்" என்றேன். அலுவலர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். குளிர்காலம் முடியும் வரைக்கும் டைம், அப்புறம் முடிகிறதா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அலுவலர் போனார்.

அன்றைக்கே வெல்டரை வரச்சொன்னேன். விபத்துக்கு அப்புறம் அந்த மனுஷன் எங்கள் வாசல் பக்கம் தலைகுனிந்துதான் வருவார். "தங்கச்சி, தூக்கற பலம் வேணும்னா ஸ்குவாட்தான் போடணும், அதான் ராடோட உட்கார்ந்து எழுந்திரிக்கறது. கரடியோட இரும்பு அப்படியே இருக்கு. நான் வேணா நாலு கால் வச்சு ஒரு ரேக் அடிச்சுத் தரேன், காசே வேணாம்" என்றார்.

"நீங்க அடிச்சுக் குடுத்தது போதும்ணே" என்றேன். முகம் செத்துவிட்டது அவருக்கு. சாகட்டும் என்றிருந்தது.

ஜிம்முக்குப் போக வழியில்லை, இவரை விட்டுவிட்டு எங்கே போவது? வீட்டில் நான் ராடுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், பார்ப்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். அந்த ஆளால் விரலைக்கூட நீட்ட முடியாது. அதனால் எனக்கு வேண்டியது பிடிக்கிற ரேக். எப்படிப் பார்த்து வாங்குவது என்று இவரைத்தான் கேட்டேன். ஃபேனை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். மூச்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"காலு கனமா இருக்கணும், தட்டினா தகரம் மாதிரி சத்தம் வரக் கூடாது. ஓட்டையெல்லாம் நெருக்கமா இருக்கணும். அப்பதான் உன் உயரத்துக்குச் சரியா கம்பி வைக்க முடியும். நீ முழுசா உட்காரும்போது ராடு எங்க வருதோ, அதுக்கு ஒரு ஓட்டை கீழ கம்பி. அதுக்கும் கீழ வச்சா, வச்சும் பிரயோஜனம் இல்ல. கம்பி முன்னங்கால்லயும் பின்னங்கால்லயும் ஊடுருவி நிக்கணும். சும்மா கொக்கியில மாட்டறது வேணாம். தரையில போல்ட் போடணும்."

"இவ்வளவும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

கண்ணை மூடிக்கொண்டார். கேட்டு என்ன ஆகப்போகிறது?

வெல்டரை இவருக்குத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். விற்பனைக்காரர் என்னைப் பார்த்ததும் நேராகக் குட்டையான இரண்டு தனிக் கால்களிடம் அழைத்துக்கொண்டு போனார். "லேடீஸுக்கு இதுவே அதிகம் மேடம். இடத்தை அடைக்காது, மடிச்சு ஓரமா வச்சிடலாம்."

"இதுல நான் விழுந்தா யாரு பிடிப்பா? நீங்க வருவீங்களா?"

அவர் சிரித்துச் சமாளித்து, முன்பக்கம் இரண்டு கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற ஒன்றைக் காட்டினார். உள்ளே போய் நின்று பார்த்தேன். பின்பக்கம் திறந்தவெளி. வேண்டாம் என்றேன். அப்புறம் கயிறு, கப்பி, கண்ணாடி எல்லாம் வைத்துக் கல்யாண மேடை மாதிரி ஒன்று. தட்டினேன், டப்பா சத்தம் கேட்டது. ஓரத்தில் தூசி படிந்து, அலங்காரம் ஒன்றும் இல்லாமல் கறுப்பாக ஒன்று நின்றது. நாலு கால், கனமான குழாய், நெருக்கமான ஓட்டை. உயரம் குறைவு, எங்கள் வீட்டுக் கூரைக்குச் சரியாக இருக்கும். தடுப்புக் கம்பி முன்னும் பின்னும் ஊடுருவி, முனையில் பூட்டிக்கொண்டது.

"ராடு மாட்டுங்க, தட்டு போடுங்க, மேலேர்ந்து போட்டுப் பாக்கணும்" என்றேன்.

"போட்டா? மேடம், கடையில…"

"வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாத்து, தாங்கலன்னா சவமா வந்து திருப்பிக் குடுக்கவா?"

போட்டார்கள். கடையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பி வளையவில்லை, கால் அசையவில்லை. ராடு கம்பிமேல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்துப்போயிற்று. அன்றைக்கு மட்டும் இது இருந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன். அப்புறம் வண்டி பேசிக் கொண்டுவந்தேன்.

வீட்டில் எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. "பின்ரூம்ல வை" என்றார் இவர். அங்கே என் மேசை இருக்கிறது, அதைவிட, இவரைத் தனியாக விட்டுவிட்டு நான் அங்கே போய் நிற்பதாவது? "உங்க கண்ணெதிரே வைக்கிறேன். எனக்குத் துணையா இருக்கும், உங்களுக்கும் பொழுது போகும்" என்றேன். "பின்ரூம்ல வையேன்" என்று இன்னொரு தடவை சொன்னார். நான் அதற்குள் வெல்டரிடம் இடத்தைக் காட்டிவிட்டேன். கட்டிலின் கால்மாட்டில், இவர் பார்வைக்கு நேராக. வெல்டர் டிரில்லை எடுத்தபோது, "என் டைல்ஸை உடைச்சிடாதடா" என்றார் இவர். உடைக்காமல்தான் ஓட்டை போட்டார் பாவம். போல்ட்டை முறுக்கும்போது அவர் அழுதுகொண்டிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

முதலில் வெறும் ராடுதான். அதற்கே கால் நடுங்கியது. தூக்குவதற்கு முன் போய்க் காதைக் கொடுத்தால், இவர் கட்டிலில் இருந்தபடி, "முட்டியை வெளிய தள்ளு, மூச்சைப் பிடி" என்பார். பிறகு சின்னத் தட்டு, அப்புறம் அதைவிடப் பெரிய தட்டு. சாப்பாடு இரண்டு மடங்கானது. என் ரவிக்கைகள் தோளில் இறுகின. பல்செட்டுக்கு வாங்கிவைத்திருந்த பிளாஸ்டர் மூட்டையைப் போர்வையில் சுற்றி, இவரைத் தூக்குவதாக நினைத்துக்கொண்டு தூக்கிப் பழகினேன். மூட்டைக்கு இவர் பெயரையே வைத்திருந்தேன். "உங்களைவிட இவரு சொன்ன பேச்சு கேக்கறாரு" என்றால், முதலில் எல்லாம் சிரித்தார்.

முதன்முதலாக எழுந்திருக்க முடியாமல் போன அன்றைக்கு, நான் பயப்படவே இல்லை. கீழே போனேன், கால் வரவில்லை. அப்படியே இன்னும் கொஞ்சம் இறங்கினேன். ராடு 'டமார்' என்று தடுப்புக் கம்பியில் உட்கார்ந்தது. நான் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, "பாத்தீங்களா! ஒண்ணும் ஆகல! ஒரு கீறல் இல்ல!" என்று கைதட்டிக் குதித்தேன். இவர் உதடு வெளுத்திருந்தது. "தண்ணி குடு" என்றார். தனக்கு இப்படி ஒன்று கிடைக்கவில்லையே என்று வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வருத்தம் இருக்கத்தானே செய்யும்?

விழுந்து பழகுவதும் பயிற்சிதான் என்று ரேக்கோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதனால் வாரா வாரம் வேண்டுமென்றே விழுந்து பழகினேன். டமார், தவழ்ந்து வெளியே, கைதட்டு. இவர் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். தூங்குகிறார் என்று விட்டுவிட்டேன். பாட்டு வேறு சத்தமாக வைத்துக்கொள்வேன், அப்போதுதான் கால் எழும். வெல்டர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, கரடி தூக்கினதுல பாதியைத் தொட்டுட்ட!" என்று வாயைப் பிளந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தெருவில் நடக்கும்போது எதிரில் வருகிறவர்களை எல்லாம் மனதுக்குள் ஒரு தடவை தூக்கிப் பார்த்துக்கொண்டே போவேன்.

ஒரு நாள் காலையில் ஏற்றியது அதுவரைக்கும் நான் தொடாத பாரம். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து எழும்போது பார்த்தால், இவர் கண்ணை அகலத் திறந்துகொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எனக்காக எண்ணுகிறார்! எத்தனை நாளாயிற்று இப்படி உற்சாகமாகப் பார்த்து! அந்தச் சந்தோஷத்திலேயே இன்னும் இரண்டு தடவை சேர்த்து உட்கார்ந்து எழுந்தேன். கடைசியில் ராடைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வியர்வையோடு போய் இவர் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். நெற்றி ஜில்லென்றிருந்தது.

குளிர் விட்டதும் அலுவலர் வந்தார். நாத்தனாரும் வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு உள்ளே கறுவிக்கொண்டு வந்தது. அந்த மாதங்கள் பூராவும் அவர் ஃபோன் செய்து, "இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன், யோசிச்சுக்கோ" என்று சொல்லும்போதெல்லாம் மனதுக்குள் அவரை நான் திட்டாத திட்டு இல்லை.

இவரைப் பாயில் தரையில் படுக்கவைத்தோம். "ஆரம்பிங்கம்மா" என்றார் அலுவலர். இவரை உட்கார்த்திக் கட்டிலில் சாய்த்தேன். இடுப்பில் பட்டையைக் கட்டினேன். இவர் கைகளை என் தோளில் போட்டு, முட்டியை மடக்கி, நெஞ்சோடு நெஞ்சை அணைத்து, மூச்சைப் பிடித்து எழுந்தேன். இவரும் கூடவே எழுந்துவிட்டார். கட்டில் விளிம்பு, அங்கிருந்து நாற்காலி. காலை மிதியில் வைத்து, சட்டையை இழுத்துவிட்டு, தலைமுடியைக் கோதிவிட்டு நிமிர்ந்தேன்.

"அம்மாடி!" என்றார் அலுவலர். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சுட்ட. என்னை மன்னிச்சுடும்மா, நீ ஜெயிச்சுட்ட" என்றார். அலுவலர் பையைத் திறந்து பேனாவைத் தேடினார்.

"அக்கா" என்றார் இவர். நாத்தனார் குனிந்தார். அறையில் ஃபேன் ஓடவில்லை, அதனால் எல்லோருக்கும் கேட்டது. "அந்த இடம் இன்னும் இருக்கா?"

"எந்த இடம்டா? அதான் அவ தூக்கிட்டாளே."

"இருக்கா, இல்லையா?"

நாத்தனார் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "இருக்கு. நான் பாக்க வந்தப்ப நீ கேட்டுக்கிட்டபடி சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "யாரு கேட்டுக்கிட்டபடி?" என்றேன். அலுவலர் பேனாவை மூடினார். அவரும் நாத்தனாரும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்கள்.

"யோவ்!" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிக் கூப்பிட்டதில்லை. "என்னய்யா நினைச்சுக்கிட்டு இருக்க? உனக்காகத்தானே இந்த இரும்பையெல்லாம் சுமந்தேன்? முதுகு வெந்து, முட்டி வெந்து, மாடு மாதிரி சுமந்தேனே! இதுக்கா?"

"கத்தாத. எனக்குத் திருப்பிக் கத்த முடியாது" என்றார்.

குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நீ ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் நான் செத்துப் பிழைக்கிறேன்டி. அந்தச் சத்தம் கேக்கும்போதெல்லாம் என் கழுத்துதான்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! இப்பவே தூக்கி வெளிய போடறேன். வெல்டரைக் கூப்பிட்டு இன்னிக்கே பிடுங்கச் சொல்றேன்."

"பிடுங்கினா? கொஞ்ச நாள்ல பலம் போயிடும், என்னைத் தூக்க முடியாது. தூக்கணும்னா நீ அதுக்குள்ள போகணும். போனா நான் பாக்கணும்."

"பின்ரூம்ல வச்சுக்கறேன்."

"சத்தம் வருமே. பாக்காம சத்தம் மட்டும் கேட்டா, அது இன்னும் மோசம்." மூச்சு வாங்கினார். "நீ அன்னிக்குப் பெரிய வெயிட் ஏத்தினியே, நான் எண்ணினேன்னு முத்தம் குடுத்தியே."

"ஆமா."

"நான் எண்ணலடி. அதுக்கு முந்தின நாள் மூட்டை தூக்கிப் பழகறதுக்குத் தடுப்புக் கம்பியை அடி ஓட்டைக்கு இறக்கி, அதுமேல மூட்டையை வச்சிருந்த. திரும்ப ஏத்தல. அப்படியே உள்ள போயிட்ட. கம்பி உன் முழங்காலுக்கும் கீழ கிடக்குது. நீ விழுந்திருந்தா அது உன்னைப் பிடிச்சிருக்காது. நான் கத்தினேன். கம்பி, கம்பின்னு கத்தினேன். நீ என்னைப் பாத்து சிரிச்ச. சிரிச்சிட்டு இன்னும் ரெண்டு போட்ட."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் மடியில் முகத்தை வைத்தேன். அந்த மடிக்கு என் முகம் இருப்பது தெரியாது.

"இனிமே பாத்துப்பேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு தடவை பாத்துப்பேன்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார். "என்னைத் தூக்க அவ்வளவு வெயிட் தேவையே இல்ல. அதுக்கு மேல நீ உனக்காகத்தான் ஏத்தற. ஏத்திட்டு நிமிரும்போது உன் மூஞ்சியைப் பாக்கறேனே, எனக்குத் தெரியும். அந்த மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். அது தப்பும் இல்ல. ஆனா படுத்துக்கிட்டே என்னால அதைப் பாக்க முடியாது. என்னை விட்டுடு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏனென்றால் அது உண்மை. இவரைத் தரையிலிருந்து தூக்கும் அளவுக்குப் பலம் வந்ததற்கு அப்புறமும் நான் தட்டு ஏற்றிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வாரம் பூராவும் சண்டை போட்டேன். பேசாமல் இருந்து பார்த்தேன், அழுது பார்த்தேன், சோறு போட மாட்டேன் என்றுகூட மிரட்டினேன். மிரட்டிவிட்டு நானே ஊட்டினேன். இவர் மசியவில்லை. கரடி கரடிதான். ஒரு நாள் பிளாஸ்டர் மூட்டையைக் கத்தியால் கிழித்து முற்றமெல்லாம் கொட்டிவிட்டு, பிறகு நானே கூட்டி அள்ளினேன்.

இல்லத்திலிருந்து வண்டி வந்தது. உயரமான வண்டி, உதவிக்கு வர வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை. ஓட்டுநர் வயதானவர். இவரைப் பார்த்தார், படியைப் பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு முதுகு சரியில்லம்மா. தெருவுல யாரையாவது கூப்பிடுங்க, நாலு பேராப் பிடிச்சு ஏத்திடலாம்" என்றார். நாத்தனார் இவர் காலைப் பிடிக்க வந்தார்.

"தள்ளிக்குங்க அண்ணி" என்றேன்.

இடுப்பில் பட்டையைக் கட்டினேன். கைகளை என் தோளில் போட்டுக்கொண்டேன். முட்டியை மடக்கி, நெஞ்சோடு அணைத்து, எழுந்தேன். இவர் முகம் என் கழுத்தில் பதிந்தது. ஈரமாக இருந்தது. படியில் ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். "எவ்வளவு பலம்டி உனக்கு" என்றார் காதோரம். இருக்கையில் உட்காரவைத்தேன். வாரைப் போட்டேன். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்து, செருப்பைச் சரிசெய்தேன். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. கை லேசாக நழுவியிருந்தால் போதும், "பாத்தீங்களா, முடியல, இன்னொரு நாள் பாக்கலாம்" என்று சொல்லி, திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்திருப்பேன். நழுவவில்லை.